ஆயிரம் அடிக்குக் கீழே என்ன இருக்கிறது?

(உலகத் தண்ணீர் தினத்தையொட்டி, நம் மின்னிதழின் ஒலிப் பகுதிக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு உங்களோட ஒரு முடிவைப் பத்திப் பேசப் போறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி, திண்டுக்கல் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ரொம்பவே பழகின முடிவு. கிணறு வத்திடுச்சு. பழைய போர்ல தண்ணி விட்டு விட்டு வருது. தென்னை மட்டை தொங்க ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுல இருக்கிற நகையை அடகு வச்சாவது இன்னொரு போர் போடலாமா, வேண்டாமா? 600 அடியில தண்ணி கிடைக்கலைன்னா 800, அதுவும் இல்லைன்னா 1,000 அடி வரைக்கும் போயிடலாமா?

தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பார்க்கிறவர் ஒரு பதில் சொல்வார். ரிக் வண்டிக்காரர் ஒரு பதில் சொல்வார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னொண்ணு சொல்வார். அவங்க எல்லார்கிட்டயும் கேக்கறதுக்கு முன்னாடி, பூமிக்கு அடியில என்ன இருக்குன்னும், மேல மழை எப்படி மாறிட்டு இருக்குன்னும் நாம தெரிஞ்சுக்கணும். இந்த ரெண்டும் தெரிஞ்சா, அந்த லட்ச ரூபாய் முடிவைக் கொஞ்சம் நிதானமா எடுக்கலாம்.

நம்ம காலுக்குக் கீழே

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறைப் பகுதி. ஆத்தோரப் படுகை, டெல்டா, கடற்கரை மணல் இதெல்லாம் மிச்சம் இருக்கிற பகுதி. மணல் பூமியில தண்ணி மணலுக்கு நடுவுல எல்லா இடத்துலயும் தங்கும். பாறை பூமியில அப்படி இல்லை. மேல கொஞ்சம் மண். அதுக்குக் கீழே பல்லாயிரம் வருஷமா வெயில்லயும் மழையிலயும் பொடிஞ்சு போன பாறை. அதுக்கும் கீழே கெட்டிப் பாறை. அந்தக் கெட்டிப் பாறையில அங்கங்கே வெடிப்பு இருக்கும்.

நம்ம தாத்தா காலத்துக் கிணறு எல்லாம் அந்தப் பொடிஞ்ச பாறை அடுக்குல வெட்டினது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணி வந்து சேர்றதும் அங்கேதான். அதை நம்ம சேமிப்புக் கணக்குன்னு வச்சுக்கலாம். கீழே இருக்கிற வெடிப்புகள் மெலிசான குழாய் மாதிரி. ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவா குறையும், இறுகும். ஆயிரம் அடியில கிடைக்கிற தண்ணி பல சமயம் எப்பவோ இறங்கின பழைய தண்ணி. அதை எடுத்துட்டோம்னா, அந்த இடம் மறுபடி நிரம்ப எவ்வளவோ காலம் ஆகும். பல இடங்களில் அந்த வெடிப்பு மேல இருக்கிற அடுக்கோட சேர்ந்து இருக்கும். அப்போ நீங்க ஆழத்துல இறைக்கிறது உங்க கிணத்துத் தண்ணியே, பக்கத்து வீட்டுக் கிணத்துத் தண்ணியேதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன்ல கால்குலேட்டரைத் திறந்துக்கோங்க.

பொடிஞ்ச பாறையில தண்ணி நிக்கிற இடம் ரொம்பக் குறைவு. நீர்மட்டம் இறங்கும்போது அந்த அடுக்கு விட்டுக்கொடுக்கிற தண்ணி, அதோட கன அளவுல பொதுவா 1 முதல் 3 சதவீதம்தான். நடுவுல 2 சதவீதம்னு எடுத்துக்குவோம். ஒரு ஏக்கர்ங்கறது சுமார் 4,047 சதுர மீட்டர். அந்த ஒரு ஏக்கருக்கு அடியில நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினா, நமக்குக் கிடைச்சது சுமார் 81,000 லிட்டர்.

கேக்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு ஏக்கர்ல 70 தென்னை. சொட்டுநீர்ல கோடையில ஒரு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 4,550 லிட்டர். அந்த 81,000 லிட்டர் 18 நாளைக்குக் கூட முழுசா வராது. அதாவது மழை இல்லாத காலத்துல, வெளியில இருந்து தண்ணி வந்து சேராட்டி, பதினெட்டு நாளைக்கு ஒரு மீட்டர் இறங்கும். இது சொட்டுநீர்க் கணக்கு. வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினா இன்னும் வேகமா இறங்கும்.

வரவுப் பக்கம் என்ன நடக்குது?

இப்போ வரவைப் பார்ப்போம். பெய்யற மழை எல்லாம் பூமிக்குள்ள போறது இல்லை. பெரும்பகுதி ஆவியாகும், செடி குடிச்சுக்கும், மிச்சம் ஓடிப் போகும். மத்திய அரசின் நிலத்தடி நீர்க் கணக்கீட்டு முறையில், நம்ம ஊர்ல இருக்கிற நைஸ், சார்னோகைட் வகைப் பாறைப் பகுதிகளுக்கு மழையில 5 முதல் 11 சதவீதம் வரைதான் நிலத்தடிக்குப் போகும்னு எடுத்துக்கறாங்க. வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்யற ஊர்ல 8 சதவீதம்னு வச்சா, ஒரு ஏக்கருக்கு வருஷத்துல சுமார் 2,26,000 லிட்டர். மேல சொன்ன தென்னந்தோப்புக்கு அது 50 நாள் தண்ணி. மீதி நாளுக்கு எங்கிருந்து வருது? பக்கத்துல இருக்கிற மேட்டுக்காடு, ஏரி, குளம், ஓடை, இதுல இறங்கின தண்ணிதான் பக்கவாட்டுல வந்து சேருது. அந்த மேட்டுக்காட்டுலயும் போர் வந்துட்டா, அந்த ஏரி காஞ்சு கிடந்தா, வரவு நின்னு போச்சுன்னு அர்த்தம்.

இதுவரைக்கும் சொன்னது பருவநிலை மாறாம இருந்தாலும் இருக்கிற சிக்கல். இதுமேலதான் பருவநிலை மாற்றம் வந்து உக்காருது. மூணு வழியில வருது.

முதல் வழி, மழை பெய்யற விதம். காத்து ஒரு டிகிரி செல்சியஸ் சூடானா, அது சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அதனால மழை வர்றப்போ மொத்தமா கொட்டுறதுக்கு வாய்ப்பு அதிகம். 1901-லிருந்து 2018 வரைக்கும் இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்குன்னு மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு சொல்லுது.

தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கோங்க. மழை குறைவான மாவட்டம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துல 94.6 சென்டிமீட்டர் மழை பெஞ்சது. அந்த மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற சராசரி மழையை விட அது அதிகம். அந்தத் தண்ணி வீடுகளுக்குள்ள புகுந்துச்சு, ரயில் பாதையை அரிச்சுது, கடைசியில கடலுக்குப் போயிடுச்சு. பூமி குடிக்கிற வேகம்னு ஒண்ணு இருக்கு. ஒரு டம்ளர் தண்ணியை மெதுவா குடிக்கலாம். ஒரு குடத்தை முகத்துல ஊத்தினா எவ்வளவு உள்ளே போகும்? ஆண்டு மழை அளவு பழைய மாதிரியே இருந்தாலும், 40 நாள் தூறலா வந்த மழை 10 நாள் அடைமழையா வந்தா, கிணத்துக்குப் போற பங்கு குறையும்.

இரண்டாவது வழி, ஏமாத்தம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்துல வரும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்தை நம்பித்தான் நம்ம ஏரியும் கிணறும். 2015 கடைசியில சென்னையும் கடலூரும் வெள்ளத்துல மிதந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷமே, 2016-ல், வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சுது. 2017 ஜனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. வெள்ளம் வந்த வருஷம் சேத்து வைக்கலைன்னா, ஏமாத்தம் வர்ற வருஷம் எடுக்க ஒண்ணும் இருக்காது.

மூன்றாவது வழி நம்மில் பலர் யோசிக்காதது. வெயில் கூடினா பயிருக்குத் தாகம் கூடும். மண் சீக்கிரம் காயும். நாம மோட்டாரை இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா ஓட்டுவோம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2023-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் கணக்குப் போட்டுச்சு. வெப்பம் கூடும்போது இந்திய விவசாயிகள் கூடுதலா இறைக்கிறாங்க. இது இப்படியே தொடர்ந்தா, 2041-க்கும் 2080-க்கும் இடையில நிலத்தடி நீர் குறையற வேகம் இப்போ இருக்கிறதைப் போல மூணு மடங்காகலாம்னு அந்த ஆய்வு சொல்லுது. மழை கொஞ்சம் கூடினாக் கூட அந்த இழப்பை அது ஈடுகட்டாதாம்.

வரவு குறையுது, செலவு கூடுது. நடுவுல மாட்டிக்கிட்டது கிணறு.

உங்க குறுவட்டம் எந்த நிலையில இருக்கு?

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்ட வாரியாக, அதாவது ஃபிர்கா வாரியாக மதிப்பிடுறாங்க. 2020 மதிப்பீட்டில் 1,166 குறுவட்டங்களில் 435 "அதிநுகர்வு" பட்டியலில் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் மழையில சேர்றதை விட அதிகமா எடுக்கிற இடங்கள்னு அர்த்தம். அப்புறம் நல்ல மழை பெஞ்ச வருஷங்கள் வந்தன. 2022 மதிப்பீட்டில் அந்த எண்ணிக்கை 360 ஆகக் குறைஞ்சுது. இது நல்ல செய்தி. பூமி மறுபடி நிரம்பத் தயாராத்தான் இருக்கு. ஆனா மழை நல்லா பெஞ்சதாலேயே நாம சரியா நடந்துக்கிட்டோம்னு நினைச்சுடக் கூடாது.

உங்க குறுவட்டம் எந்தப் பட்டியலில் இருக்குன்னு போன்லயே பார்க்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் "இன்கிரெஸ்" இணையதளத்தில் வரைபடமாகவே காட்டுவாங்க. "இந்தியா டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்" என்ற தளத்தில் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்ட விவரம் இருக்கு. கிராம ஊராட்சிகளில் "ஜல்தூத்" செயலி வழியா, வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும், தேர்ந்தெடுத்த கிணறுகளின் மட்டத்தை அளந்து பதிவு செய்யற ஏற்பாடும் இருக்கு. உங்க ஊர்ல எந்தக் கிணத்தை அளக்கறாங்க, போன வருஷம் எவ்வளவு இருந்துச்சு? கேளுங்க. அது உங்க ஊர்த் தகவல்.

அதோட, உங்க கிணத்தை நீங்களே அளக்கலாம். ஒரு கயிறு, ஒரு சின்ன எடைக்கல், அடிக்கு ஒரு முடிச்சு. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை, காலையில மோட்டார் போடறதுக்கு முன்னாடி அளந்து, தேதியோட போன்ல குறிச்சு வைங்க. ரெண்டு வருஷம் குறிச்சு வச்சவருக்கு, எந்த மழைக்குக் கிணறு ஏறுது, எந்த மாசத்துல இறக்கம் தொடங்குதுன்னு தெரியும். இன்னொரு போர் வேணுமா, பயிரை மாத்தணுமான்னு அந்தக் குறிப்பே சொல்லிடும்.

சேர்ந்து கணக்குப் போட்ட ஊர்கள்

மகாராஷ்டிராவின் அகமத்நகர் மாவட்டத்தில், இப்போ அகில்யாநகர்னு பேர் மாத்தியிருக்காங்க, ஹிவரே பஜார்னு ஒரு கிராமம். நம்ம கொங்கு மண்டலத்தை விட மழை குறைவான இடம். 1989-ல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். மலைச்சரிவுல வரப்பும் தடுப்பும் கட்டினாங்க, மரம் நட்டாங்க. இதெல்லாம் பல ஊர்களில் செய்யறதுதான். அதுக்கு மேல ஒரு படி போய், பாசனத்துக்குப் போர் போடக் கூடாதுன்னும், கரும்பு, வாழை மாதிரி தண்ணி குடிக்கிற பயிர் வேண்டாம்னும் ஊரே சேர்ந்து முடிவு பண்ணினாங்க. வருஷா வருஷம் மழை அளவைப் பார்த்து, குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவுன்னு தண்ணி பட்ஜெட் போடுவாங்க. பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த ஊர் மாதிரி எல்லா ஊரும் ஒரே நாள்ல ஆகிடாது. நம்ம ஊர்ல ஆளுக்கு ஒரு தோட்டம், ஆளுக்கு ஒரு கடன், ஆளுக்கு ஒரு அவசரம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 900 அடிக்குப் போயிருக்கும்போது "நான் மட்டும் ஏன் பொறுமையா இருக்கணும்?"னு கேக்கறது நியாயமான கேள்வி. அதனாலதான் இதைத் தனியாள் முடிவா விடாம, கிராம சபைக்குக் கொண்டு வரணும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், தமிழ்நாட்டில் கிராம சபை நடக்கிற நாட்களில் ஒன்று. தண்ணிக் கணக்கைப் பேச இதை விட நல்ல நாள் கிடைக்காது.

நீங்க செய்யக்கூடியது

முதல்ல, வீட்டு மொட்டை மாடி. மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. அன்னைக்குப் போட்ட குழாய் பல வீடுகளில் இன்னைக்கு அடைச்சுக் கிடக்கு. 600 சதுர அடி மாடியில 700 மில்லிமீட்டர் மழை விழுந்தா சுமார் 39,000 லிட்டர். வீணாகறது போக 30,000 லிட்டர் தேறும். செப்டம்பர் முடியறதுக்குள்ள மாடியைக் கூட்டி, வடிகட்டித் தொட்டியில இருக்கிற ஜல்லி, மணலை அள்ளிக் கழுவிப் போடுங்க. ஒரு எச்சரிக்கை: தெருத் தண்ணி, சாக்கடை கலந்த தண்ணி, மாட்டுத் தொழுவம் கழுவின தண்ணியை வடிகட்டாம போர்வெல்லுக்குள்ள விடாதீங்க. மேல இருந்து மெதுவா இறங்கும்போது மண் வடிகட்டும். போர்க் குழாயில விட்டா அழுக்கு நேரா ஊரோட குடிதண்ணிக்குப் போயிடும்.

ரெண்டாவது, ஏரி. வண்டல் சேர்ந்த ஏரியில தண்ணியும் நிக்காது, கீழயும் இறங்காது. ஏரி, குளங்களில் இருந்து வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணம் இல்லாம எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கும். இ-சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உங்க காட்டுக்கு உரமும் ஆச்சு, ஏரிக்கு ஆழமும் ஆச்சு. ஆனா அனுமதிச்ச ஆழத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அதேபோல, ஏரிக்கு வர்ற வாய்க்கால் அடைபட்டிருந்தா ஏரியை எவ்வளவு ஆழமாக்கியும் பலன் இல்லை. அதைப் படம் பிடிச்சு, 1100 என்ற முதலமைச்சரின் உதவி மையத்துல புகார் பதிவு பண்ணலாம்.

ஏரி நிரம்பினா சுத்துவட்டக் கிணறு ஏறும்ங்கற நம்பிக்கையிலதான் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக மூணு மாவட்ட மக்கள் பல பத்தாண்டுகள் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2024 ஆகஸ்டில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பவானியில உபரியா வர்ற 1.5 டி.எம்.சி. தண்ணியைக் குழாய் வழியா 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொண்டு போகற திட்டம். குட்டைக்குத் தண்ணி வர்றது அரசுத் திட்டம். அந்தத் தண்ணி கிணத்துக்கு வந்த உடனே மோட்டார் ஓடற நேரத்தைக் கூட்டாம இருக்கறது நம்ம பொறுப்பு.

மூணாவது, பாசனம். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர், தெளிப்புநீர் அமைக்க 100 சதவீத மானியம், மற்றவங்களுக்கு 75 சதவீதம். உழவன் செயலியில பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று இதெல்லாம் தயாரா வச்சுக்கோங்க. ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. சொட்டுநீர்ல மிச்சமான தண்ணியை வச்சு இன்னும் ரெண்டு ஏக்கர் சேர்த்து நட்டா, பூமிக்கு மிச்சம் ஒண்ணும் இல்லை. மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லைங்கறதால தண்ணிக்கும் விலை இல்லைன்னு ஆகிடாது.

நாலாவது, போர் போடறதுக்கு முன்னாடி. ஊராட்சியில அனுமதி வாங்கறது கட்டாயம். தண்ணி வராத போரைத் திறந்து போட்டா குழந்தைகள் உயிருக்கே ஆபத்து. அன்னைக்கே மூடணும். இல்லைன்னா, ஊராட்சியில கேட்டு, முறையான வடிகட்டியோட மழைநீர் செறிவூட்டும் அமைப்பா மாத்தலாம். புதுசா ஆழத்துல இருந்து எடுக்கிற தண்ணியைக் குடிக்கறதுக்கு முன்னாடி பரிசோதனை பண்ணுங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருந்ததாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருந்தா, பல்லும் எலும்பும் கெடும். காய்ச்சினாலும் அது போகாது.

இத்தனையும் கேட்டுட்டு, "சரி, நான் போர் போடலாமா வேண்டாமா?"னு நீங்க கேக்கலாம். குடிக்கறதுக்குத் தண்ணி இல்லாத வீட்டுக்கு வேண்டாம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா பழைய போர் ஏன் வத்துச்சுன்னு தெரியாம போடற புதுப் போர், அதே காரணத்தால அதே மாதிரி வத்தும். பக்கத்துல இருக்கிற பழைய கிணறு இன்னும் மழைக்கு ஏறுதான்னு முதல்ல பாருங்க. ஏறுதுன்னா, அந்தக் கிணத்தைத் தூர் வாரறதும், அதுக்கு மழைத்தண்ணியைத் திருப்பி விடறதும் புதுப் போரை விடச் செலவு குறைவு. ஏறலைன்னா, ஆயிரம் அடியில கிடைக்கறது ஒரு தடவை எடுத்து முடிக்கிற தண்ணி. அதை நம்பி முப்பது வருஷத் தென்னையை நடறது பெரிய ஆபத்து.

இந்த வாரம் ஒரு காலை நேரத்துல கிணத்துல கயிறு விட்டு அளந்து பாருங்க. எவ்வளவு அடின்னு போன்ல குறிச்சுக்கோங்க. அந்த ஒத்தை எண்ணோட கிராம சபைக்குப் போங்க. "எங்க கிணத்துல இவ்வளவு இருக்கு, உங்க கிணத்துல எவ்வளவு?"னு பக்கத்துல இருக்கிறவரைக் கேளுங்க. ஊர்த் தண்ணிக் கணக்கு அங்கேதான் தொடங்கும்.